எஃப் எழுத்தில் முள். நடுப்பாலத்தில் மொறிஸ் மைனர்

கேள்வி

அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டில் நிற்கிறது. 1960ஆம் ஆண்டு வண்டி. அவர் காலமான பிறகு பல வருடங்கள் கொட்டிலில் கிடந்தது. போன வருடம் கறல் வெட்டி, பெயின்ற் அடித்து, வயரிங் முழுவதையும் புதிதாக்கி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தோம். ஸ்பீடோமீற்றருக்குள் இருக்கும் பெற்றோல் கேஜ் மட்டும் வேலை செய்யவில்லை. அது செத்துவிட்டது, இனித் திருத்த முடியாது என்று கராஜில் சொன்னார்கள். அத்தான் கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் வட்டமான புதுக் கேஜ் ஒன்று வாங்கிவந்தார். டாஷ்போர்ட்டுக்குக் கீழே அதைப் பூட்டி, பழைய வயரையே அதற்குக் கொடுத்தோம்.

முதல் நாள் தாங்கி நிரம்பப் பெற்றோல் அடித்தோம். முள் முக்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. புதுச் சாமான், சரியாகிவிடும் என்று விட்டோம். ஓட ஓட முள் மேலே ஏறி, இரண்டு கிழமைக்குள் எஃப் எழுத்தைத் தொட்டது. பெற்றோல் குறைவாகத்தான் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். போன ஞாயிறு பூநகரிக்குப் போகும் வழியில், சங்குப்பிட்டிப் பாலத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. முள் எஃப்பையும் தாண்டி நின்றது. தாங்கியில் ஒரு சொட்டும் இல்லை. சின்னவனையும் வைத்துக்கொண்டு வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் போத்தலில் பெற்றோல் வாங்கிவந்து தந்தார்.

இப்போது கராஜில், தாங்கிக்குள் இருக்கும் பழைய மிதவை யூனிற்றைக் கழற்றிவிட்டு, இந்தக் கேஜுக்குரிய புது யூனிற் போடலாம், தாங்கியில் துளையைக் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. வயரை மாறிக் கொடுத்தால் சரிவராதா? இடையில் ஒரு றெசிஸ்ரர் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி

பதில்

பிள்ளை, தாங்கியை வெட்ட விடாதீர்கள். அறுபது வருடத்துக்கு மேல் பெற்றோல் ஊறிய தாங்கி அது. வெறுமையாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். பொறி பட்டால் வெடிப்பது அந்த ஆவிதான். நிரம்பிய தாங்கியைவிட வெறும் தாங்கி ஆபத்தானது என்று சொல்வது அதனால்தான். அதோடு, உங்கள் வண்டிக்கு அந்த வெட்டு தேவையும் இல்லை.

உங்கள் கடிதத்தில் அளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நோய் என்னவென்று அதில் தெளிவாக இருக்கிறது. நிரம்பியபோது முக்காலுக்குக் கீழே, குறையக் குறைய மேலே, முடிந்தபோது எஃப்புக்கும் அப்பால். பழுதான சாமான் இப்படி நடக்காது. பழுதென்றால் முள் துடிக்கும், குதிக்கும், அல்லது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உங்கள் முள் ஒழுங்காக, சீராக, தலைகீழாக நடந்திருக்கிறது. யூனிற் நல்லது, கேஜும் நல்லது. இரண்டும் வேறு வேறு பாஷை கதைக்கின்றன, அவ்வளவுதான்.

தாங்கிக்குள் இருப்பது மிக எளிய சாமான். தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை ஒரு சிறு தகட்டில் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மிதவை ஏறி இறங்க, அதன் கையில் இருக்கும் சிறு நாக்கு அந்தச் சுற்றின்மேல் வழுக்கிப் போகும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். பழைய வானொலியின் சத்தக் குமிழுக்குள்ளும் இதே வேலைதான். யூனிற்றுக்கு லீற்றரும் தெரியாது, கலனும் தெரியாது. அது இத்தனை ஓம் என்று மட்டும் சொல்லும். அந்த ஓமை வாங்கி முக்கால், அரை, கால் என்று மொழிபெயர்ப்பது கேஜ்.

சிக்கல் என்னவென்றால், எத்தனை ஓம் என்றால் நிரம்பல், எத்தனை என்றால் வெறுமை என்பதில் உலகம் ஒருபோதும் ஒற்றுமைப்படவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் 1964 வரை வெறுமைக்கு 0, நிரம்பலுக்கு 30 ஓம் என்று வைத்திருந்தது. 1965 தொடக்கம் அதுவே 0, 90 ஆனது. அதே நாட்டில் போர்ட்டும் கிறைஸ்லரும் நேர்மாறு: வெறுமையில் 73, நிரம்பினால் 10. ஜெர்மனியின் வீடிஓ கேஜ்களுக்கு வெறுமை 10, நிரம்பல் 180. இன்று வண்டிக்கும் படகுக்கும் என்று பொதுவாக விற்கும் கேஜ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வெறுமை 0, நிரம்பல் 190. மற்றது வெறுமை 240, நிரம்பல் 33. உங்கள் அத்தான் வாங்கிய கேஜின் முதுகில் அல்லது பெட்டியில் சின்ன எழுத்தில் இந்த எண்கள் இருக்கும். கைவிளக்கு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். 240, 33 என்று இருக்கும் என்பது என் கணிப்பு.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? உங்கள் வண்டி 1960. அந்தக் கால மைனருக்கு ஸ்மித்ஸ் கொடுத்த கேஜுக்குள் இரண்டு மின்சுருள்கள் இருக்கும். ஒன்று முள்ளை ஈ பக்கம் இழுக்கும், மற்றது எஃப் பக்கம். தாங்கியில் தடை குறைந்தால் எஃப் சுருளுக்குப் போக வேண்டிய மின்சாரம் யூனிற் வழியாக இறங்கிப் போய்விடும், ஈ சுருள் வெல்லும். தடை கூடினால் எஃப் சுருள் வெல்லும். ஆகவே அந்தக் கால யூனிற்றில் வெறுமை என்றால் சின்ன எண், நிரம்பல் என்றால் பெரிய எண். நான் அளந்தவற்றில் வெறுமையில் ஐந்து ஓமுக்குள்ளும், நிரம்பலில் எழுபது, எழுபத்தைந்து அளவிலும் கண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் பயணத்தைத் திரும்பிப் பாருங்கள். தாங்கி நிரம்பியபோது யூனிற் எழுபத்தைந்து என்றது. 240இல் தொடங்கி 33இல் முடிகிற கேஜுக்கு எழுபத்தைந்து என்றால் முக்காலுக்குச் சற்றுக் கீழே. தாங்கி அரைவாசியானபோது யூனிற் முப்பத்தைந்து என்று சொல்லியிருக்கும். கேஜுக்கு அது எஃப். அதன்பிறகு நீங்கள் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் முள் எஃப்பைத் தாண்டி அழுத்திக்கொண்டே போனது. தாங்கி கடைசிவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்ட கேஜ்தான் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டது.

1964 வாக்கில் இங்கிலாந்து வண்டிகளில் இந்த முறை மாறியது. அதற்குப் பிறகு வந்தவை சூட்டுக் கேஜ்கள். உள்ளே ஒரு சிறு சூட்டுக்கம்பி, இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு ஒன்றைச் சூடாக்கி வளைக்கும். அந்த வளைவுதான் முள்ளை நகர்த்தும். பற்றரி வோல்ற் ஏறி இறங்கினால் அளவு தப்பும் என்பதால், அவற்றுக்குச் சராசரியாக 10 வோல்ற் கொடுக்கும் ஸ்ரெபிலைசர் ஒன்றையும் டாஷ்போர்ட்டின் பின்னால் வைத்தார்கள். அந்த யூனிற்றுகளில் எண்களும் திரும்பிவிட்டன: வெறுமையில் பெரிது, நிரம்பலில் சிறிது. பார்வைக்கு இரண்டு யூனிற்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, வண்டியின் ஆண்டை வைத்து யூனிற் இன்னதென்று சத்தியம் செய்ய முடியாது. அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! உங்கள் விடயத்தில் முள் தலைகீழாகப் போனதால் பழைய வகைதான் உள்ளே இருக்கிறது என்று துணிகிறேன்.

வீட்டில் அப்பம்மா இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த நாளில் திறப்பைப் போட்டவுடன் முள் டக்கென்று எழும்புமா, வளைவில் திரும்பும்போது ஆடுமா? ஆம் என்றால் இரட்டைச் சுருள் கேஜ். சோம்பலாக, மெல்ல மெல்ல எழும்பி, எந்த வளைவிலும் அசையாமல் நிற்கும் என்றால் சூட்டுக் கேஜ். இப்படிக் கேட்டறிந்து நான் சரியாகக் கணித்த வண்டிகள் பல.

கணிப்பு இருக்கட்டும், அளவெடுங்கள். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். அளக்க முன் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் சொந்தத் தடை. பிறகு வரும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். பற்றரி வயரைக் கழற்றுங்கள். டிக்கியைத் திறந்து, தாங்கியின் மேல்தட்டில் திருகாணிகளால் இறுக்கிய வட்ட மூடியைக் கண்டுபிடியுங்கள். அதன் நடுவிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, ரெர்மினலுக்கும் மூடிக்கும் இடையில் அளவெடுங்கள். தாங்கி இப்போது கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும் என்பதால் வெறுமை எண் கிடைத்துவிடும். அடுத்ததாக நிரப்பிவிட்டு அளந்தால் நிரம்பல் எண். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டிவிடுங்கள். இனி எந்தக் கடைக்குப் போனாலும் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேஜ் கேட்காதீர்கள். அந்த இரண்டு எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

யூனிற்றை வெளியே எடுக்க நேர்ந்தால் திறந்த வெளியில், விளக்கும் நெருப்பும் கைத்தொலைபேசியும் இல்லாத இடத்தில் எடுங்கள். பற்றரி பூட்டியிருக்கும்போது திறந்த தாங்கிக்கு மேலே வயரைத் தொட்டுச் சோதிக்கவே கூடாது. இன்னொன்று: யூனிற்றின் ரெர்மினலுக்கு நேரே 12 வோல்ற் கொடுத்துப் பார்க்க வேண்டாம். மெல்லிய கம்பி ஒரு கணத்தில் போய்விடும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு ஒஸ்ரின் யூனிற்றை அப்படி எரித்தேன். சின்னதாய் ஒரு புகை, அதோடு முடிந்தது. அந்த வண்டிக்காரரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

வெளியே எடுத்தபின் வெயிலில் பிடித்துப் பாருங்கள். கம்பிச் சுற்றின் மேல் நாக்கு உரசிய பாதை மட்டும் தங்கக் கோடுபோல மினுங்கும், மற்ற இடம் மங்கிக் கறுத்திருக்கும். கையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்தி மீற்றரைக் கவனியுங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் எங்காவது அளவே இல்லாமல் போனால் அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. வருடக்கணக்காக நின்ற வண்டிகளில் எரிபொருள் வற்றி மண்ணிறப் பசையாகச் சுற்றின்மேல் படிந்திருக்கும். 1990களின் முற்பகுதியில், பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். அன்று எவரும் கேஜைப் பார்க்கவில்லை, தடி விட்டுத்தான் பார்த்தார்கள். கேஜ் பழுதானால் திருத்தவும் இல்லை. அப்படிக் கைவிடப்பட்ட யூனிற்றுகளை மென்மையான தூரிகையாலும் கொன்ராக்ற் கிளீனராலும் துடைத்தே பலவற்றை உயிர்ப்பித்திருக்கிறேன். அரத்தாள் மட்டும் போடாதீர்கள்.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் சலசலத்தால் எங்கோ ஊசித்துளை இருக்கிறது, மிதவை தாழ்ந்துதான் மிதக்கும். சுடுநீரில் அமிழ்த்தினால் துளையிலிருந்து குமிழி வரும். உள்ளே பெற்றோல் இருக்கும்போது அதன்மேல் ஈயம் பற்றவைக்கப் போகாதீர்கள். புது மிதவை வாங்குவது நல்லது.

இனி ஏர்த். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் பெயின்ற். யூனிற் பேசும் ஓம் எண் கேஜுக்குப் போய்ச் சேர, மின்சாரம் தாங்கியின் மூடி, திருகாணி, தாங்கி, வண்டியின் உடல் என்று பற்றரிவரை திரும்பிவர வேண்டும். மூடிக்குக் கீழே தக்கை அல்லது றப்பர் வாஷர் இருக்கிறது, அது மின்சாரத்தை விடாது. திருகாணிகள் மட்டும்தான் வழி. நீங்களோ தாங்கியையும் டிக்கியையும் புதிதாகப் பெயின்ற் அடித்திருப்பீர்கள். யூனிற்றின் மூடிக்கும் வண்டி உடலில் சுரண்டிய வெறும் இரும்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று வந்தால் அத்தனையும் யூனிற்றின் எண்ணோடு சேர்ந்துவிடும். உங்கள் வகை யூனிற்றில் எண் கூடினால் பெற்றோல் கூட இருக்கிறது என்று பொருள். அதாவது கெட்ட ஏர்த் உங்களுக்கு இல்லாத பெற்றோலைக் காட்டும். எண் திரும்பிய மற்ற வகை வண்டிகளில் அதே பிழை இருக்கிற பெற்றோலைக் குறைத்துக் காட்டும், அவர்கள் நடுவழியில் நிற்பதில்லை. ஆகையால் இந்த விடயத்தில் உங்களுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மூடியின் திருகாணி ஒன்றிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்துவிடுங்கள். நூறு ரூபா வேலையும் இல்லை.

இதே பெயின்ற்தான் உங்கள் பழைய கேஜையும் கொன்றதோ என்று எனக்கு வலுவான சந்தேகம். செத்துவிட்டது என்று சொன்னபோது முள் எங்கே நின்றது? ஈயிலேயே ஒட்டிக் கிடந்ததா? இரட்டைச் சுருள் கேஜில் எஃப் பக்கம் இழுக்கும் சுருளுக்கு ஏர்த் கிடைப்பது அதன் உலோகக் கூட்டின் வழியாக. கூடு வண்டியின் உடலோடு தொடர்பில்லாமல் நின்றால் அந்தச் சுருள் வேலைசெய்யாது, முள் ஈயை விட்டு எழும்பாது. புதிதாகப் பெயின்ற் அடித்து, புதிதாக வயர் இழுத்து, ஸ்பீடோமீற்றரைத் திரும்பப் பூட்டும்போது பழைய ஏர்த் வயர் ஒன்று தவறிப்போவது நான் பல இடங்களில் கண்டது.

சோதிப்பது ஐந்து நிமிட வேலை. தாங்கிப் பக்கம் போகாமல் டாஷ்போர்ட்டிலேயே செய்யலாம். பழைய கேஜின் பின்னால் இரண்டு ரெர்மினல்கள். தொழிற்சாலை வயரிங்கில் திறப்பிலிருந்து வருவது பச்சை, தாங்கிக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு. உங்கள் வண்டியில் வயர் மாறியிருப்பதால் நிறத்தை நம்பாமல் மீற்றரால் தேடிப் பிடியுங்கள். முதலில் ஸ்பீடோமீற்றரின் கூட்டை ஒரு வயரால் நல்ல ஏர்த்தில் கொடுங்கள். தாங்கி வயரைக் கழற்றிவிட்டுத் திறப்பைப் போடுங்கள். முள் எஃப்புக்குப் போக வேண்டும். பிறகு அந்தத் தாங்கி ரெர்மினலை ஒரு சிறு வயரால் ஏர்த்தில் தொடுங்கள். முள் ஈக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் அப்பப்பாவின் கேஜ் உயிரோடுதான் இருக்கிறது. அதைத் திரும்பப் பூட்டி, தாங்கிப் பக்கத்தில் நான் சொன்ன கறுப்பு வயரையும் இழுத்துவிட்டால் வேறு எந்தச் சாமானும் வேண்டாம். ஒன்றுக்கொன்று செய்த சோடி அது. அதைப்போலப் பொருந்தும் புதுக் கேஜ் எங்கும் கிடைக்காது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், இந்தச் சோதனை முடியும்வரை ஒரு சதமும் செலவழிக்க மாட்டேன்.

அது உண்மையிலேயே எரிந்துபோயிருந்தால்? அதற்கு முன் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வயரை மாறிக் கொடுத்தால் சரிவராது. மின்சாரம் யூனிற்றுக்குள் எந்தப் பக்கத்தால் போனாலும் எழுபத்தைந்து ஓம் எழுபத்தைந்துதான். கேஜின் பின்னால் வயரை மாறிக் கொடுத்தால் புதுக் கேஜ் எரிந்துபோகவும் கூடும்.

றெசிஸ்ரர் யோசனை முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன், அதற்கு இடம் உண்டு. நேர்வரிசையில் ஒரு றெசிஸ்ரர் போட்டால் இரண்டு முனை எண்களும் ஒரே அளவால் கூடும். பக்கவாட்டில் போட்டால் பெரிய எண்தான் அதிகமாகக் குறுகும். எடுத்துக்காட்டாக, 90 ஓம் வரை போகும் யூனிற்றை 30 ஓம் கேஜுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் 45 ஓம் போடுவார்கள். வெறுமையில் 0 அப்படியே 0. நிரம்பலில் 90உம் 45உம் சேர்ந்து சரியாக 30. இரண்டு முனையும் பொருந்திவிட்டது. ஆனால் நடுவில் என்ன நடக்கிறது பாருங்கள். தாங்கி அரைவாசியில் யூனிற் 45 என்கிறது. பக்கத்தில் இன்னொரு 45. சேர்ந்தால் 22.5. கேஜில் அது முக்கால். அரைத் தாங்கியை முக்கால் என்று நம்பி வவுனியாவுக்குப் புறப்படுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சரி, அதையாவது பழகிக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கு அதுவும் உதவாது. உங்கள் யூனிற் ஏறுகிறது, கேஜோ இறங்குவதை எதிர்பார்க்கிறது. யூனிற்றின் வீச்சு எழுபது ஓம், கேஜுக்குத் தேவை இருநூறுக்கு மேல். றெசிஸ்ரர் ஒரு வீச்சை ஒடுக்கும், இடம் நகர்த்தும். விரிக்காது, திருப்பாது. எத்தனை றெசிஸ்ரரை எப்படிக் கோத்தாலும் இந்தக் கேஜை இந்தத் தாங்கியோடு கதைக்க வைக்க முடியாது.

ஆகவே, பழைய கேஜ் உண்மையாகவே போயிருந்தால் முதல் வழி பொருந்துகிற கேஜ் வாங்குவது. வெறுமை 0, நிரம்பல் 90 என்ற ஜெனரல் மோட்டோர்ஸ் அளவில் செய்த கேஜ்கள் பரவலாகக் கிடைக்கும். உங்கள் யூனிற்றுக்கு மிக அண்மையானது அது. வெறுமை சரியாகப் பொருந்தும். நிரம்பலில் முள் எஃப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும், முக்காலைத் தாண்டியிருக்கும். எனக்கு அது குறையாகப் படவில்லை. கேஜ் நிரம்பலில் தவறினால் பாதகமில்லை, வெறுமையில் தவறக் கூடாது. 10, 180 என்ற வீடிஓ கேஜும் அதே திசைதான். ஆனால் நிரம்பத் தாங்கியோடும் அது அரைக்கோட்டை எட்டாது. அது வேண்டாம்.

இரண்டாவது வழி, அளவைப் பழக்கிக்கொள்ளும் கேஜ். தாங்கி வெறுமையாக இருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தி இதுதான் வெறுமை என்றும், நிரப்பிவிட்டு இதுதான் நிரம்பல் என்றும் அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். திசை எதுவென்றாலும் ஏற்றுக்கொள்ளும். விலை கூட. மூன்றாவது, ஏற்கனவே வாங்கிய கேஜை வைத்துக்கொண்டு இடையில் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியைப் பூட்டுவது. அமெரிக்காவின் மீற்றர்மேச், இங்கிலாந்தின் ஸ்பைடா நிறுவனம் செய்யும் கேஜ் விசார்ட் போன்ற தீப்பெட்டி அளவுச் சாமான்கள் இந்த ஒரே வேலைக்காக இருக்கின்றன. ஒருபக்கம் பழைய யூனிற்றைக் கேட்டு, மறுபக்கம் கேஜுக்கு விளங்கும் எண்ணைச் சொல்லும். இங்கிலாந்திலோ கனடாவிலோ சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாண வீடு அரிது, வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லலாம்.

கடைசியாகச் சொன்ன இந்த இரண்டு வழிகளுக்கும் ஒரு நிபந்தனை. தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அந்த நாளில் பல இங்கிலாந்து வண்டிகள் அப்படித்தான் வந்தன. பழைய கேஜுக்கு எந்த முனை என்றாலும் ஒன்றுதான். ஆனால் இலத்திரனியல் உள்ள புதுச் சாமான்கள் நெகற்றிவ் முனை உடலோடு இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. வயரிங் மாற்றியபோது டைனமோவை எடுத்துவிட்டு அல்ரனேற்றர் போட்டிருந்தால் முனையையும் மாற்றியிருப்பார்கள். பொனற்றைத் திறந்து, உடலோடு போகிற தடித்த வயர் பற்றரியின் எந்தக் குறியில் தொடங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். பொசிற்றிவ் என்றால் எந்த இலத்திரனியல் கேஜையும் தொடாமல் எனக்கு எழுதுங்கள். புதுக் கேஜுக்கான மின்சாரத்தைத் திறப்பிலிருந்து பியூஸ் வழியாக நேரே எடுங்கள். 1964க்குப் பிந்திய வண்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் ஸ்ரெபிலைசரிலிருந்து எடுத்துவிட வேண்டாம். அது விட்டுவிட்டுத்தான் மின்சாரம் தரும், புதுக் கேஜின் முள் அதற்கேற்பத் துள்ளும்.

எந்தக் கேஜைப் பூட்டினாலும் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மைனர் 1000இன் தாங்கி ஆறரைக் கலன், ஏறக்குறைய 29.5 லீற்றர். தாங்கியை முழுவதும் வடித்துவிட்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, அளந்த கானில் முதலில் மூன்று லீற்றர் ஊற்றுங்கள். கானை மூடித் தூர வைத்துவிட்டு, தாங்கி மூடியையும் டிக்கியையும் சாத்தி, திறப்பைப் போட்டு முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி ஒவ்வொரு முறையும் குறியுங்கள். தட்டையான தாங்கி, வளைந்து ஏறும் மிதவைக் கை. இரண்டும் சேர்ந்து அரைக்கோடும் அரைத் தாங்கியும் ஒன்றாக இருக்கவிடாது. மிதவை தாங்கியின் கூரையை முட்டிவிடுவதால் நிரப்பியபின் செலவாகும் முதல் சில லீற்றருக்கு முள் எஃப்பிலேயே நிற்கவும் கூடும். அது பிழையல்ல.

அந்த முதல் மூன்று லீற்றரில் முள் நின்ற இடத்துக்கு நேரே, கேஜின் கண்ணாடி ஓரத்தில் சிவப்பு கியூட்டெக்ஸால் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டை முள் தொட்டால், பாலத்தில் ஏற முதல் பெற்றோல் செட்டுக்குள் திருப்புங்கள்.